உன் முறுக்குப் பாட்டும் என் நாற்பது பாட்டும்

இன்று காலை என் பெண் சுதா கருப்பட்டி காய்ச்சினாள். தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு குடும்பம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு வட்டு கொண்டுவந்து கொடுத்திருந்தது. கல்லும் தூசும் போக வடிகட்டுவதற்கு முன்னால் ஒரு கொதி வருமே, அப்போது எழும் லேசாகப் புகைந்த அந்த இனிப்பு வாசனை, சாத்தியிருந்த என் அறைக் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. உன் வீட்டு வாசனை. நாற்பது வருஷமாக நான் முகராத வாசனை.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். நீ போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. ஆனால் முதலில் வந்தது எரிச்சல். எழுபத்தெட்டு வயதில், இல்லாமல் போனவள்மேல் எரிச்சல். படுக்கையில் உட்கார்ந்தபடி அதற்கு என்ன பெயர் என்று யோசித்தேன். மனத்தாங்கல், வருத்தம், ஆதங்கம் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. பொறாமை. அவ்வளவுதான். இத்தனை வருஷம் அந்தச் சொல்லை எழுதக் கூசினேன். இனி யாரை நினைத்துக் கூசுவது?

ஆர்.கே.புரம் அரசாங்கக் குடியிருப்பில் நாங்கள் கீழ் வீடு, நீங்கள் மேல் வீடு. என் வீட்டுக்காரருக்கு மத்திய அமைச்சகம் ஒன்றில் வேலை. எனக்குப் புசா ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை வேலை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். புலவர் பட்டம் பெற்றவள். யாப்பிலக்கணத்தில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறியவள். இந்தக் கடைசி விஷயத்தை அந்த நாளில் யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் சொல்லிவிடுவேன்.

நீ வந்தது எழுபத்தெட்டிலோ எழுபத்தொன்பதிலோ, குளிர் ஆரம்பிக்கிற சமயத்தில். கோவில்பட்டிக்குத் தெற்கே ஏதோ ஊர். எட்டாவது வரை படிப்பு. இடுப்பில் நாலு வயது செல்வி. ஸ்வெட்டர்கூட இல்லாமல் வந்து இறங்கியிருந்தாய். என் பழைய சால்வையைக் கொடுத்து, "அக்கான்னே கூப்பிடு" என்றேன். "இல்ல, டீச்சர்னு கூப்பிடத்தான் எனக்கு ஆசையா இருக்கு. எங்க வீட்டுக்குக் கீழ டீச்சர் இருக்காங்கன்னு ஊருக்குக் கடுதாசி எழுதணும்லா" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. உன்னையும் பிடித்திருந்தது. ஒரு மூன்று மாதம்.

அப்போது எனக்கு ஒரு கனவு இருந்தது உனக்குத் தெரியும். தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு நம் பலகாரமும் தெரியாது, பண்டிகையும் தெரியாது. கொழுக்கட்டையைக் காட்டினால் ஹோலிக்குச் செய்கிற குஜியா என்றார்கள். சீடையைக் கையில் கொடுத்தால் கோலியா என்று கேட்டார்கள். இவர்களுக்காக நம் உணவைப் பற்றியும் மரபைப் பற்றியும் நாற்பது பாட்டு எழுதி ஒரு நூலாகக் கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுதாவோடு சேர்த்து எங்கள் பிளாக் தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை முன்னறையில் ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்து, எழுதியதைச் சொல்லிக்கொடுப்பேன்.

தினையும் வரகும் சாமையும் உண்போம்
திண்ணிய தோளொடு செம்மையாய் வளர்வோம்
முன்னவர் உணவின் மேன்மை உணர்ந்தே
முத்தமிழ் போலவே மூப்பின்றி வாழ்வோம்

மோனை பார், சீர் பார். இன்றைக்கும் இதில் இலக்கணப் பிழை காட்ட முடியாது. "டீச்சர், வரகுன்னா என்ன?" என்பாள் ஒருத்தி. சொல்வேன். "சாமைன்னா?" அதையும் சொல்வேன். "திண்ணியன்னா?" எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் பன்னிரண்டு மணி ஆகிவிடும். அடுத்த ஞாயிறு கேட்டால் ஒருவருக்கும் முதல் வரிகூட நினைவிருக்காது.

ஜனவரி மாதத்தில் தில்லியில் வெயில் வருகிற அன்று யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். பின்பக்கத்துப் புல்தரையில் பஞ்சாபிப் பெண்கள் கயிற்றுக் கட்டில்களைப் போட்டுக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுவார்கள், வேர்க்கடலையை உடைத்துப் போடுவார்கள். நீயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வியைத் தூக்கிக்கொண்டு, கையில் ஒரு கிண்ணத்தோடு இறங்கினாய். என் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. செல்வி வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள். நீ ஒன்றும் அதட்டவில்லை. கிண்ணத்தில் கறுப்பாக இருந்த உளுந்தங்களியை உருட்டினாய். கட்டைவிரலால் அதன் நடுவில் ஒரு குழி செய்தாய். நல்லெண்ணெய் விட்டாய். விட்டுக்கொண்டே சொன்னாய்:

உருண்டைக் களிக்குக் குளிக்க ஆசை
உச்சந் தலையில் குழியைப் பறி
நல்லெண் ணெயை ஊத்து ஊத்து
நாக்கு வாறான், ஓடு களி!

"நாக்கு வாறான்" என்றதும் செல்வி நாக்கை நீட்டினாள். களி ஓடவில்லை. உள்ளே போய்விட்டது.

முதலில் சுதா எழுந்தாள். பின்னால் இன்னும் இரண்டு பேர். நான் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது ஜமுக்காளத்தில் ஒரே ஒரு குழந்தை மிச்சம் இருந்தது. அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் உன்னிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "அது உங்க ஊர்ப் பாட்டா?"

"இல்ல டீச்சர், இப்பம் வந்துச்சு. அவ வாயத் தொறக்கணும்லா."

இப்போது வந்ததாம். நான் ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்வேன். வகுப்புத் தேர்வுத் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, சீர் எண்ணி, தளை பார்த்து, அடித்து, மறுபடி எழுதி. உனக்கு எண்ணெய் விடுகிற நேரத்தில் வந்துவிட்டது. அன்று என் நெஞ்சுக்குழியில் ஏதோ சுருக்கென்றது. அஜீரணம் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்தேன்.

அந்த வருஷம் கோகுலாஷ்டமி சமயத்தில் நீ முறுக்கு சுட்டாய். மேல் வீட்டுப் படிக்கட்டில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு முறுக்கைக் கையில் கொடுத்து, கடிக்கக் கூடாது, பாட்டு முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாய். நான் கீழே சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

முறுக்கே முறுக்கே எங்கே போறே?
சுத்திச் சுத்திச் சந்தைக்குப் போறேன்.
சந்தை எந்தத் திக்கில் இருக்கு?
தலையே சுத்துது, தெரியலையே!
ஜல்தி ஜல்தி சொல்லு முறுக்கே!
அச்சா அச்சா... நறுக்!

"நறுக்" என்ற இடத்தில் பத்து முறுக்கு ஒரே சமயத்தில் உடைந்தது. எதிர் வீட்டுப் பஞ்சாபிக் குழந்தை பிங்கியுடையது உட்பட. அந்தப் பெண்ணுக்கு அதற்குமுன் தெரிந்த தமிழ் ‘தண்ணி’ ஒன்றுதான். ஒரு வாரத்துக்குள் முழுப் பாட்டையும் ழகரம் இல்லாத காரணத்தால் என் பள்ளிப் பிள்ளைகளைவிடச் சுத்தமாகப் பாடினாள்.

ஒரு நாள் காலை என் வீட்டுக்காரர் முகம் வழித்துக்கொண்டே, "சந்தை எந்தத் திக்கில் இருக்கு" என்று முணுமுணுத்தார். நுரையோடு என் பக்கம் திரும்பி, "அந்தப் பொண்ணுக்கு வார்த்தை தானா வருது பாரேன்" என்றார். அவர் நல்ல மனிதர். அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. ஏன் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.

பிறகு நான் செய்ததை உன்னிடம் நேரில் ஒருபோதும் சொன்னதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். நீ பாடுவதையெல்லாம் அதில் எழுதினேன். ஆசையால் எழுதவில்லை. சந்தேகத்தால் எழுதினேன். எங்கேயாவது திருடியிருப்பாய் என்று முதலில் நினைத்தேன், இல்லை. பிறகு அசை பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் ஒழுங்காக இல்லை, ஆனால் ஓரிடத்திலும் இடறவில்லை. அது எப்படி என்று பார்க்க வேண்டும் எனக்கு. பனங்கிழங்குப் பாட்டு, இட்லியும் தோசையும் சண்டைபோடுகிற பாட்டு, ஓலைக் கொழுக்கட்டைப் பாட்டு. பனையோலை தில்லியில் எங்கே கிடைக்கும்? வாழையிலைத் துண்டில் மடித்து அவித்துவிட்டு, ஓலை என்றே பாடினாய்.

ஓலைக் குள்ளே யாரு அது?
ஒளிஞ்சி ருக்கும் மாவு அது.
ஆவி பட்டா வெளியே வரும்
ஆளைக் கண்டா உள்ளே போகும்.

உள்ளே என்றால் வயிற்றுக்குள்ளே என்று எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. பிள்ளைகளுக்குப் பாடும்போதே பிடிபட்டுவிட்டது.

உன்னைப்போல் எழுதிப் பார்க்கவும் செய்தேன். அதிரசத்தைப் பேசவைத்தேன். நடுவில் துணிந்து ஒரு ‘அரே’கூடப் போட்டேன். சுதாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஏழு வயது. யோசித்துவிட்டு, "ஆன்ட்டி பாட்டு மாதிரி இருக்கும்மா. ஆனா இல்ல" என்றாள். அதைவிடத் துல்லியமான விமரிசனத்தை அதன்பிறகு நான் எங்கும் கேட்டதில்லை.

அடுத்த பொங்கலுக்கு நம் பகுதித் தமிழ்ச் சங்கத்தில் குழந்தைகள் நிகழ்ச்சியை என்னிடம் ஒப்படைத்தார்கள். பதினொரு பிள்ளைகள். இரண்டு மாதப் பயிற்சி. எட்டடிப் பொங்கல் வாழ்த்து, நான் எழுதியது. பெண் பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை, ஆண் பிள்ளைகளுக்கு வேட்டி. கடைசி நேரத்தில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டதால் எண்ணிக்கைக்குச் செல்வியை ஓரத்தில் நிறுத்தினேன். "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லியிருந்தேன்.

பொங்கிடும் பாலொடு புத்தரி சியிட்டுப்
பூரிக்கும் உள்ளமொடு போற்றுவோம் ஞாயிறை

இந்த இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரவில்லை. சுதா என்னைப் பார்த்தாள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று வாயசைத்தேன். மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினார்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. சுதாவின் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. அப்போது ஓரத்தில் நின்ற உன் பெண், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "முறுக்கே முறுக்கே எங்கே போறே?" என்றாள்.

மற்றப் பத்துப் பேரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். ‘நறுக்’ வந்ததும் மண்டபம் அதிர்ந்தது. இன்னொரு முறை என்றார்கள். மூன்றாம் முறை கோட்டும் மப்ளருமாக உட்கார்ந்திருந்த அதிகாரிகள்கூட, "சந்தை எந்தத் திக்கில் இருக்கு?" என்று கேட்டார்கள். நீ கடைசி வரிசையில் அரக்குப் புடவையின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாய். என் பெண்ணை அழாமல் காப்பாற்றியவள் உன் பெண். அதற்காக நான் அப்போதே ஓடிவந்து உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் திரைக்குப் பின்னால் நின்றபடி, பாட்டுத் தாளை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் செயலாளர் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார். "அபாரம் டீச்சர்! அந்த முறுக்குப் பாட்டு நீங்க எழுதினதா?"

ஆமாம் என்று சொல்லும் அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. உன் பெயரைச் சொல்லும் அளவுக்கு நல்லவளாகவும் இல்லை. "இல்ல சார், அது ஊர்ல பாடறதுதான். ரொம்பப் பழைய பாட்டு" என்றேன்.

"பாத்தீங்களா, பழசுக்கு இருக்கிற மவுசே தனி! ஆண்டு மலர்ல போட்டுடுங்க."

மலரின் குழந்தைகள் பகுதிக்கும் நான்தான் பொறுப்பு. அங்கே என் பாட்டு ஆறு வந்தது, பெயரும் பட்டமும் போட்டு. ஏழாவதாக உன் பாட்டு. ‘ஜல்தி ஜல்தி’யை ‘விரைவாய் விரைவாய்’ ஆக்கினேன். ‘அச்சா அச்சா’வை ‘நன்று நன்று’ ஆக்கினேன். அடியில் எழுதினேன்: ‘நாட்டார் பாடல். இயற்றியவர் பெயர் தெரியவில்லை.’ எழுதியபோது கை நடுங்கவில்லை. முத்து முத்தான கையெழுத்து. அச்சுப் பிழைகூட வரவில்லை.

மலர் வந்த மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை மத்தியானம், நீ கீழே வந்தாய். விரல்களில் மாவு ஒட்டியிருந்தது. மலரின் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்திருந்தாய். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாய்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"பேர் தெரியலைன்னு போட்டிருக்கு. எம்பேரு ஒங்களுக்குத் தெரியும்லா?"

கிண்டல் இல்லை குரலில். அப்படி ஒரு கேள்வியை யாராலும் அவ்வளவு நேராகக் கேட்க முடியாது. "அச்சகத்துல ஏதோ தப்புப் பண்ணிட்டாங்க" என்றேன்.

"விரைவாய்னு மாத்தினதும் அச்சகந்தானா?"

"அது... ஹிந்தி வார்த்தை. தமிழ் மலர்ல எப்படிப் போடறது? பிள்ளைங்க நல்ல தமிழ் கத்துக்க வேண்டாமா?"

"பிள்ளைய பேசுததத்தான நான் வச்சேன். விரைவாய்னு எந்தப் பிள்ள டீச்சர் பேசுது?"

நீ மலரை மூடினாய். மாவு பட்டுவிடாமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாய். "சரி டீச்சர், அடுப்புல எண்ண காயுது" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாய். படி ஏறுகிற சத்தத்தை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். உன் வீட்டில் அடுப்பில் எண்ணெய் வைத்திருந்தால் வாசனை கீழே வரும். அன்று வாசனை எதுவும் வரவில்லை.

நீ சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போடவில்லை. எதிரே பார்த்தால் சிரிப்பாய். சுதாவுக்குத் தலை பின்னிவிடுவாய். ஆனால் மேலேயிருந்து பலகாரக் கிண்ணம் வருவது நின்றது. புல்தரைக்கு வருவதை விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனாய். பிள்ளைகளும் மாடிக்குப் போனார்கள். என் ஞாயிறு வகுப்பில் மூன்று பேர் மிஞ்சினார்கள், பிறகு சுதா மட்டும், பிறகு சுதாவும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஈரமில்லாத துணியைக்கூட உலர்த்துகிற சாக்கில் மாடிக்கு வந்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று காதில் வாங்கிக்கொண்டு, கீழே ஓடி வந்து நோட்டில் எழுதியிருக்கிறேன். உன்னை மன்னிக்கவும் முடியவில்லை, உன் பாட்டு ஒன்றைத் தவறவிடவும் மனம் வரவில்லை.

எண்பத்து மூன்றிலோ என்னவோ உங்களுக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. டெம்போவில் டிரங்குப் பெட்டியும் ஆட்டுக்கல்லும் ஏறியபின் நீ விடைபெற வந்தாய். நான் குங்குமம் கொடுத்தேன். நெற்றியில் வைத்துக்கொண்டே, "சுதா சொன்னா, எம்பாட்டெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கியளாமே" என்றாய்.

என் முகம் எரிந்தது. எதையோ மறுக்க வாயெடுத்தேன்.

"கிழிச்சிராதிய டீச்சர். எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. எல்லாம் வாயோட போயிரும்."

‘ம்’ என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்குமா? டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். "ஜல்தி கரோ பஹன்ஜி" என்றான். நீ அந்தச் சொல்லைக் கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அவ்வளவுதான், போய்விட்டாய்.

ஒரு நாலைந்து வருஷம் பொங்கல் வாழ்த்து அனுப்பினாய். நான் இரண்டு வரியில் பதில் போட்டேன். எண்பத்தாறில் ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸ் வந்திருந்தேன். உன் முகவரி கைப்பையில் இருந்தது. நாங்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து ஒரே பஸ். என் நாற்பது பாட்டும் அதற்கு முந்தின வருஷம்தான் நூலாக வந்திருந்தது. உனக்குக் கொடுக்க ஒரு பிரதிகூடக் கொண்டுவந்திருந்தேன். அதை நீ புரட்டிப் பார்ப்பதையும், "நல்லாருக்கு டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்வதையும் நினைத்துப் பார்த்தேன். போகவில்லை. பிரதியைக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு நாங்களும் வீடு மாறினோம், கடிதம் நின்றது.

போன மாதம் ஒரு போன் வந்தது. தெரியாத எண். "ஆன்ட்டி, நான் செல்வி. ஆர்.கே.புரம் மேல் வீட்டுச் செல்வி" என்றது ஐம்பது வயதுக் குரல். முகநூலில் சுதாவைத் தேடிப் பிடித்தாளாம். திருநெல்வேலியில் வங்கியில் வேலையாம். நீ போய்விட்டாய் என்று அவள்தான் சொன்னாள். காய்ச்சல் என்று நாலு நாள் படுத்தாயாம், ஐந்தாம் நாள் இல்லையாம்.

"அம்மா உங்களப் பத்திப் பேசாத நாள் கெடையாது ஆன்ட்டி."

"என்ன சொல்லுவா?"

"சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"‘தில்லியில ஒரு டீச்சர், புலவருக்குப் படிச்சவங்க. அவங்களே எம்பாட்டக் கேட்டுப் பொறாமப்பட்டாங்க தெரியுமா’ன்னு எல்லார்ட்டயும் சொல்லுவாங்க. புதுசா யாரு வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கத உண்டு. பேரப் போடாம விட்டதையும் சொல்லுவாங்க, அப்ப மட்டும் கொஞ்சம் கோவம் வரும். ஆனா ரொம்பப் பெருமையாத்தான் சொல்லுவாங்க. எங்களுக்கே கேட்டுக் கேட்டுச் சலிச்சிப்போச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிற்காமல் அழுகை வந்தது. செல்வி அந்தப் பக்கம் "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று பதறினாள். நான் புருஷனுக்குத் தெரியாமல், பெற்ற பெண்ணுக்குத் தெரியாமல், எனக்கே பாதி தெரியாமல் மறைத்து வைத்திருந்த ஒன்றை நீ வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறாய், எனக்கு டீச்சர் கொடுத்த பரிசு என்று. நீ அன்றே கண்டுபிடித்துவிட்டாய். வாசற்படியில் நின்ற அன்றே. அதையும் உன்னால் இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. பார், இதற்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

செல்வி போன் செய்தது அந்தப் பாட்டுகளுக்காகத்தான். அவளுக்கு முறுக்குப் பாட்டு மட்டும்தான் முழுசாகத் தெரியும். அவள் பேத்திக்கு மிச்சமும் வேண்டுமாம். எழுதி அனுப்புகிறேன் என்றேன். அந்த நோட்டை நான் கிழிக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதை எடுக்கத் தேவைப்படவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, நோட்டில் இருந்த பதினொரு பாட்டையும் நினைவிலிருந்தே எழுதினேன். பனங்கிழங்கு, களி, கொழுக்கட்டை, இட்லிச் சண்டை, எல்லாம். ‘விரைவாய்’ இருந்த இடத்தில் ‘ஜல்தி’யை வைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் உன் பெயரையும் உன் ஊர்ப் பெயரையும் எழுதினேன். பதினொரு முறை எழுதினேன். கை நடுங்கியது, வயதாகிவிட்டது. ஆனாலும் படிக்க முடிகிறது என்று சுதா சொன்னாள். அவளே போட்டோ எடுத்துச் செல்விக்கு அனுப்பினாள்.

அன்று மாலையே செல்வி மறுபடியும் கூப்பிட்டாள். பேத்தி களிப் பாட்டுக்கு நாக்கை நீட்டுகிறாளாம். பேசி முடித்து வைக்கப்போகும்போது, "ஆன்ட்டி, உங்க பாட்டும் ஒண்ணு எழுதி அனுப்புங்களேன். நீங்களும் நல்லா எழுதுவீங்கன்னு அம்மா சொல்லுவாங்க. அம்மா பாட்டோட சேத்து வச்சுக்கிடுதேன்" என்றாள்.

பேனாவை எடுத்தேன். தினைப் பாட்டையே எழுதலாம் என்று முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரவில்லை. பொங்கல் வாழ்த்தை எழுதப் பார்த்தேன். பிள்ளைகள் நின்ற அதே இடத்தில் நானும் நின்றேன். மூன்று வாரம் மூன்று வாரமாகச் சீர் எண்ணி எழுதிய நாற்பது பாட்டு. அதில் ஒன்றுகூட என் வாயில் இல்லை. உன்னுடையவை பதினொன்றும் இருக்கின்றன. அரிசி களையும்போது, நடக்கும்போது, தூக்கம் வராமல் புரளும்போது, கேட்காமலே வருகின்றன.

சுதாவைக் கூப்பிட்டு, ஸ்டூல் போட்டு, பரணிலிருந்து என் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பாட்டை அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.